சேறு பூசிய மஞ்சள் கால்

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலமெல்லாம் என் கைப்பையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு மாணவி தவளையின் இதயத்தைத் தவறாக வரைந்திருந்தால் அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் என் சுருக்கொப்பம். அந்தக் கோட்டை எதிர்த்து யாரும் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் நேர்ந்ததில்லை என்றே நம்பியிருந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் பேனா பையிலேயே இருந்தது. சென்ற குளிர்காலத்தில் ஓர் ஏரிக்கரையில் அதை எடுத்து, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டில் ஒரு சொல்லை அடித்தேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்தி முடிவதற்குள் மூன்று முறை எழுந்து சமையலறை வரை நடந்து வந்துவிட்டேன்.

அந்தச் சிறுமியின் பள்ளி இருப்பது ஐதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில். அதன் அறிவியல் ஆசிரியை ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர், தெலுங்குக்காரர். வடதேசங்களிலிருந்து குளிர்காலத்தில் இறங்கிவரும் கரைப்பறவைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவர்தான் என்னை அழைத்தார். அத்துடன் அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதே பறவைகள் தென்கடற்கரை உப்பளங்களிலும் இறங்குகின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறிந்தால் என்ன? விசாரித்ததில், வேதாரண்யத்தை அடுத்த ஓர் உப்பளக் கிராமத்துப் பள்ளி சம்மதித்தது. பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, கணினி அறைத் திரையில் இரண்டு வகுப்புகளும் சந்திக்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்தான் சரளம். இந்தப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும். நடுவில் நின்று இருபுறமும் மொழிபெயர்ப்பது என் பொறுப்பாயிற்று. எங்கள் குடும்பம் ஆங்கிலேயர் காலத்திலேயே செகந்திராபாத் வந்து சேர்ந்தது. வீட்டில் பேசும் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு என்று ஐதராபாத் உருதுச் சொற்கள் தாராளமாகப் புழங்கும். வகுப்பறையில் அவற்றை நான் அனுமதித்ததில்லை. என் தமிழும் தூய்மையாக இருக்கும், தெலுங்கும் தூய்மையாக இருக்கும் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தமானது.

இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய வரைபடத்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் எங்கள் ஏரிப் பறவைகள், வலப்பக்கம் அவர்கள் உப்பளப் பறவைகள், நடுவில் இரு ஊருக்கும் பொதுவானவை. கீழே 'சரிபார்த்தவர்' என்று என் பெயர். ஆண்டு முடிவில் சட்டம் போட்டு இரு பள்ளிகளிலும் மாட்டுவதாக ஏற்பாடு. வலப்பக்கத்தில் அவர்கள் கொசு உள்ளானைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை, கால் கறுப்பு, உப்பளச் சேற்றில் ஊசி குத்துவதுபோல் ஓயாமல் கொத்தும் என்று. எங்கள் பக்கத்தில் அது இன்னும் பதிவாகவில்லை. நடுக்கட்டம் காலியாகக் கிடந்தது. "வரும் சனிக்கிழமை ஏரிக்குப் போகிறோம். அங்கே கறுப்புக் கால் கொசு உள்ளானைக் காட்டுகிறேன்" என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். பார்ப்பதற்கு முன்பே சொன்னேன். என் மாணவிகள் யாராவது இப்படிச் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஏரியில் தண்ணீர் பின்வாங்கி, கரையோரம் கறுத்த சேறு விரிந்து கிடந்தது. அதன் விளிம்பில் ஒரேயொரு சிறிய உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியை அதன்மேல் நிறுத்தி, "இதுதான்" என்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். அறிவியல் ஆசிரியை படமெடுத்தார். வரிசையின் கடைசியில் வந்த சிறுமி மட்டும் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர்கள், தந்தைக்குக் கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. வீட்டில் தமிழில் கேட்பாள், இந்தியில் பதில் சொல்வாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். கால்: மஞ்சள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"பஹ்லே காலா தா மேடம். பானி மே கயா தோ பீலா திக்கா" என்றாள். முதலில் கறுப்பாக இருந்ததாம், தண்ணீருக்குள் போனதும் மஞ்சளாகத் தெரிந்ததாம்.

பின்னாலிருந்து ஒரு பையன், "அரே, தேரே சஷ்மே கோ பீலியா ஹுவா க்யா?" என்று கேட்டான். உன் மூக்குக் கண்ணாடிக்கு மஞ்சள் காமாலையா என்று கேலி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனைக் கண்டிக்கவில்லை. வெயில் பட்டால் எந்தக் காலும் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, கறுப்பு என்று எழுதி, சுருக்கொப்பமிட்டேன். படம் அன்றே கடற்கரைப் பள்ளிக்குப் போயிற்று.

அடுத்த சந்திப்பில் திரையில் முதலில் எழுந்தவள் ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள். இரட்டைப் பின்னல், உரத்த குரல்.

"டீச்சர், நீங்க அனுப்புன படத்துல இருக்கறது உப்பளத்துல மேயுற உள்ளான் இல்ல டீச்சர். அதுக்குக் கால் கறுப்பில்ல, சேறு அப்பியிருக்கு. முட்டிக்கு மேல பாருங்க, மஞ்சளாத் தெரியும். இது நல்ல தண்ணிக்குத்தான் வரும். எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால குளம் இருக்கு, அங்க வரும். நாங்க பாத்திருக்கோம்."

"ஏமண்டோந்தி மேடம்?" என்றார் அறிவியல் ஆசிரியை, என்ன சொல்கிறாள் என்று அறிய ஆவலாக, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. "படம் மிக நன்றாக இருக்கிறதாம். இந்தப் பறவையை அவர்களும் உப்பளத்தில் பார்த்திருக்கிறார்களாம்" என்று தெலுங்கில் சொன்னேன். வகுப்பு கைதட்டியது. தன் திருத்தத்தை ஏற்றுக்கொண்டுதான் கைதட்டுகிறார்கள் என்று திரையில் அந்தப் பெண் முகம் மலர்ந்தாள். அவள் வகுப்பும் கைதட்டியது. இரண்டு ஊரும் தத்தம் காரணத்துக்காகத் தட்டிக்கொண்டிருக்க, மூன்றாம் வரிசையில் ஒரு ஜோடிக் கை மட்டும் மேசைமேல் அப்படியே இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எதையோ எழுதினாள்.

சைனிக்புரியில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியில் மியாப்பூர் நெரிசலில் வண்டி நின்றபோது, கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினேன். முட்டிக்கு மேலே, சேறு எட்டாத இடத்தில், நகக்கண் அளவுக்கு மஞ்சள். கால் ஒருபுறம் இருக்கட்டும். கோலமே இல்லாத அந்த மங்கிய பழுப்பு முதுகைப் பார்த்தே நான் சொல்லியிருக்க வேண்டும். நடுக்கட்டம் நிரம்ப வேண்டும் என்ற அவசரம் என் கண்ணை மறைத்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துவைத்த துணிகளை மடித்தேன், பிரித்து மறுபடி மடித்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் செய்தித்தாளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு இப்படி சுத்திச் சுத்தி வர்றே? உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உக்காரு."

"உக்கார முடியல."

"ஹவ், அப்ப ஒண்ணு இருக்கு."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டாளத்துல ரிப்போர்ட் தப்பாப் போச்சுன்னா, சரியான ரிப்போர்ட் இன்னொண்ணு அனுப்புவோம். அவ்வளவுதான்."

"உங்களுக்கென்ன, உங்க ரிப்போர்ட்ட எவன் நம்பினான்?"

"ஒருத்தரும் நம்பல. அதான் நிம்மதியாத் தூங்கினேன்" என்று செய்தித்தாளுக்குள் மறைந்துகொண்டார்.

எனக்கு வேறு ஒரு வழி தோன்றியிருந்தது. படம் தெளிவாக இல்லை என்று சொல்லி அந்தப் பதிவையே தாளிலிருந்து நீக்கிவிடலாம். நடுக்கட்டம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகக் கடற்கரைப் பள்ளி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"மேடம், அந்தப் புள்ளைக்கு ரெண்டு நாளாக் காலு தரையில பாவல. ஐதராபாத்துப் பிள்ளைங்க எனக்குக் கைதட்டுனாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. அவங்கப்பா உப்பளத்துலேர்ந்து அப்படியே வந்து, நெசமா சார்னு என்கிட்ட கேக்குறாரு."

"நல்லது" என்று சொல்லி, நீக்கும் பேச்சை எடுக்காமலே தொலைபேசியை வைத்தேன்.

மிஞ்சியிருந்தது எங்கள் வகுப்பு. அங்கே உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் ஆசிரியையிடம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் இந்நேரம் அழைப்பு வந்திருக்கும். வரவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கைப்பேசி ஒலித்தபோதும் மடித்த துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெயரைப் பார்த்தேன்.

அடுத்த சந்திப்பு நாளன்று முன்கூட்டியே போய், வராந்தாவில் அவளை நிறுத்தி நோட்டைக் கேட்டேன். நான் அடித்த சொல்லுக்குக் கீழே, அந்த உப்பளப் பெண் பேசியவற்றில் நினைவிருந்ததையெல்லாம் ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தாள். சேறு, அப்பியிருக்கு, முட்டி, நல்ல தண்ணி என ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொருள். எல்லாம் சரி. பிறகு அத்தனையின் மேலும் பென்சிலால் அவளே ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தாள்.

"யார் அர்த்தம் சொன்னது?" என்று தமிழில் கேட்டேன்.

"மம்மி."

"பிறகு ஏன் அடித்தாய்?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஆப் அலக் போலே நா மேடம். மேரா தமிழ் வீக் ஹை." நீங்கள் வேறு மாதிரி சொன்னீர்களே, என் தமிழ் போதாது.

அவள் என்னைச் சந்தேகித்திருப்பாள் என்றுதான் அந்தப் பதினைந்து நாளும் தவித்தேன். அவள் சந்தேகித்தது தன்னை. முதலில் அவள் கண் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு காதும் தவறென்று அவளே எழுதிக்கொள்ளச் செய்திருக்கிறேன். என் பெயருக்கு அவ்வளவு வலு இருந்திருக்கிறது. அதை நினைத்து எந்நாளும் பெருமைப்பட்டவள், அந்த வராந்தாவில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்றைக்கு நான் தமிழில் பேசுகிறேன். வகுப்புக்கு நீ சொல்" என்றேன்.

"மை?" என்று மிரண்டாள், நானா என்ற பொருளில். மறுக்கவில்லை.

திரை எழுந்தது. அந்த ஊரைப் பார்த்து மூன்று செய்திகள் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, படத்திலிருப்பது மஞ்சள் கால் உள்ளான். எங்கள் மாணவி ஒருத்தி அதை ஏரிக்கரையிலேயே கண்டுபிடித்தாள், நான்தான் அடித்துவிட்டேன். சென்ற முறை நீங்கள் சொன்னதை என் வகுப்புக்கு நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

சிறுமி வகுப்பின் பக்கம் திரும்பினாள். முதல் செய்தியைச் சொன்னாள். இரண்டாவதை, தன்னைப் பற்றியது என்பதால் தணிந்த குரலில் சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டு, "பஸ், இத்னாஇச் போலே மேடம்" என்றாள். மேடம் இவ்வளவுதான் சொன்னார்.

ஒரு மொழிபெயர்ப்பாளர் எதையாவது விழுங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று வெளியிலிருந்து பார்த்தேன். அவள் எனக்காக விழுங்கினாள். அங்கேயே விட்டிருக்கலாம். அறிவியல் ஆசிரியை அதற்குள் மரியாதையாகத் தலையசைக்கத் தொடங்கியிருந்தார்: எவ்வளவு பெருந்தன்மை, தவறை ஒப்புக்கொள்கிறாரே! அந்தத் தலையசைப்பு எனக்கு வேண்டியிருந்தது. இப்போதும் அதை நினைக்காத நாளில்லை.

"ஒன்று விட்டுவிட்டாய்" என்றேன்.

"ஓ ஜரூரி நை மேடம்" என்று முணுமுணுத்தாள். அது தேவையில்லையாம்.

மூன்றாவதை நானே தெலுங்கில் சொன்னேன். சென்ற முறை அந்தப் பெண் என்ன பேசினாள், அதற்குப் பதில் நான் என்ன சொன்னேன், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக. அறிவியல் ஆசிரியையின் தலையசைப்பு நின்றது. அவர் பார்வை தன் குறிப்பேட்டுக்கு இறங்கியது. காமாலைக் கேலி செய்த பையன் பின் வரிசையிலிருந்து, "ஹவ் மேடம்?" என்றான், நம்ப முடியாமல்.

"ஹவ்" என்றேன். வகுப்பறையில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை.

திரையில் இரட்டைப் பின்னல் முன்னால் சாய்ந்தது. "டீச்சர், என்ன அங்க சத்தத்தையே காணும்? இன்னிக்குக் கைதட்ட மாட்டாங்களா?"

நான் சிறுமியின் பக்கம் திரும்பினேன். கோயம்புத்தூர்க்காரர் மகள் அதையும் வகுப்புக்குச் சொன்னாள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் தட்டத் தொடங்கின.

தாளின் நடுக்கட்டத்தில் இப்போது மஞ்சள் கால் உள்ளான் இருக்கிறது. எங்கள் ஏரியும் அவர்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் நன்னீர்க் குளமும் அதன் இடங்கள். அந்தக் குளத்தைப் பற்றி உப்பளப் பெண் படத்தைப் பார்த்த அன்றே சொல்லியிருந்தாள். நாங்கள் தேடிக்கொண்டிருந்த பொதுப் பறவையை அவளே கையில் கொடுத்தாள். நான் அதையும் சேர்த்து விழுங்கியிருந்தேன். சிறுமியின் நோட்டில் என் கோட்டின் மேல் அதே சிவப்பு மையால் 'திருத்தம் தவறு' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டேன். தாளின் கீழே என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அறிவியல் ஆசிரியை எடுக்கவில்லை, பக்கத்தில் அந்தச் சிறுமியின் பெயரையும் சேர்த்தார்.

இந்தக் குளிர்காலமும் போகிறேன். அழைப்பு முன்போலவே மரியாதையாக வந்தது. மொழிபெயர்ப்பும் நான்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், வகுப்பு உடனே எழுதுவதில்லை. எல்லாத் தலைகளும் மூன்றாம் வரிசைக்குத் திரும்புகின்றன. அவள் ஒரு கணம் யோசித்துத் தலையசைக்கிறாள். அதன் பிறகே பேனாக்கள் நகர்கின்றன. அந்த ஒரு கணம் முடியும்வரை, கையில் சுண்ணாம்புக்கட்டியை உருட்டிக்கொண்டு நான் காத்து நிற்கிறேன்.