இரண்டு தரம் புரட்டிய எழுத்துகள்

சட்டையில் எழுத்து ஒட்டுகிற மெஷினுக்கு மச்சாள் வைத்த பெயர் பாண் சுடுகிற மெஷின். பார்ப்பதற்கும் ரொட்டித் துண்டு வாட்டுகிற பெட்டி மாதிரித்தான் இருக்கும். கீழ்த்தட்டில் டீ-ஷேர்ட்டை விரித்து, வெட்டிய எழுத்தை அதன்மேல் கவிழ்த்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் மேல்தட்டை இழுத்து அமுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் எழுத்து ஒட்டாது, கொஞ்சம் பிந்தினால் துணி மஞ்சளாகிவிடும். நாங்கள் வாங்கும்போதே அதன் நேரம் காட்டும் பகுதி செத்துப்போயிருந்தது. மச்சாள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கைபிடியை அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு மாதா செபம் சொல்லுவார். ஆமென் என்றதும் தட்டைத் தூக்குவார். அவர் ஒட்டிய எழுத்து எத்தனை தரம் தோய்த்தாலும் உரிந்ததில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்து அமுக்கியவைதான் திரும்பி வரும்.

மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. நானும் அவருக்கு மச்சாள்தான், வயதும் ஏறக்குறைய ஒன்று. கடைக்குள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள், மச்சாள் என்று கூப்பிடுவதைக் கேட்டு, வருகிறவர்கள் எங்களுக்கு 'மச்சாள்மார் கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனை ஆட்கள், அப்பா துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். மச்சாளுக்கு ஊர் யாழ்ப்பாணம். பாதை திறந்து, சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அண்ணா கனடாவிலிருந்து வந்து, எங்கள் மாதா கோவிலில் தாலி கட்டி, லீவு முடிந்ததும் திரும்பிப் போனார். இருவரும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டு, இனியாவது தங்களுக்கென்று ஒரு வீடு, ஒரு பிள்ளை என்று ஆசைப்பட்டவர்கள். ஸ்பொன்சர் செய்தால் ஒரு வருஷத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். கூப்பிடவில்லை. அதற்குள் சமாதானமும் முறிந்து சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்து வெள்ளவத்தை முழுக்க இப்படிக் காத்திருக்கும் பெண்கள்தான். மச்சாளும் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தார். "அறைக்குள்ள இருந்து பல்லிக்குப் பேர் வைக்கிறதை விட, கை வேலை ஏதாவது செய்வம் மச்சாள்" என்று அவர்தான் தொடங்கினார். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்றை மூடப்படவிருந்த விளம்பரக் கடையிலிருந்து பழையதாக வாங்கினோம். அந்த வீட்டுக் கராஜே கடையானது. முச்சக்கரவண்டிக்குச் சாமி பெயர், டியூட்டரிக் கண்ணாடிக்குப் பாட நேரம், ஜிந்துப்பிட்டிப் பெடியளின் கிரிக்கெட் டீமுக்குச் சட்டை என்று வேலை வந்தது. கம்பியூட்டரில் எழுத்தை அமைப்பது நான். ஊசியால் தேவையில்லாத பிளாஸ்டிக்கைக் கிளறி எடுத்து, எழுத்தை மட்டும் மிச்சம் வைத்து, சட்டையில் ஒட்டுவது அவர். அந்தக் கிளறல் வேலையில் என் பொறுமை அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், அவருடையது தீராது.

மச்சாளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே வாயிலும் கண்ணிலும் ஊறியது. அவருக்கோ அந்த எழுத்தெல்லாம் சுழியும் வளையமும்தான். ஒன்றுக்கு ஜிலேபி, ஒன்றுக்கு நத்தை, இன்னொன்றுக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்திருந்தார். "மச்சாள், ஒரு ஜிலேபின்ர வால் அறுந்திட்டுது" என்று கூப்பிடுவார். நான் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு எழுத்தின் வால் அறுந்திருக்கும். வாசிக்கத் தெரியாமலே இவ்வளவு அழகாக வேலை செய்கிறாரே என்று சிரித்திருக்கிறேன். பிறகு அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு எழுத்தை நேராக வெட்டலாம். சட்டைக்கு அப்படி வெட்ட முடியாது. எழுத்துத் தாளைத் துணிமேல் கவிழ்த்து வைப்பதால், வெட்டும்போதே அதை இடம் வலமாகப் புரட்டிவிட வேண்டும். கவிழ்த்ததும் நேராகிவிடும். தமிழோ இங்கிலிஷோ என்றால், புரட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணே சொல்லிவிடும்.

அந்த வருஷம் புத்தர் பிறந்த வெசாக் பண்டிகைக்கு முந்திய கிழமைகள் நல்லதாக இருக்கவில்லை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வானைக் கண்டால் ஒழுங்கையே கதவைச் சாத்தும். ஒரு நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் கடைக்குள் வந்து, இலக்கம் போட்ட சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, இந்த மெஷினில் வேறு என்னவெல்லாம் அடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சேர்ட் மட்டும்தான் சேர் என்று சிங்களத்தில் சொன்னேன். மச்சாள் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அதே கிழமைதான் தூதரகத்திலிருந்து கடிதமும் வந்தது. வெசாக் முடிந்து சில நாளில் கனடா விசாவுக்கு நேர்முகம். அண்ணா தொலைபேசியில் அழுதார். மச்சாள் அழவில்லை, பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு நல்ல சேலை வாங்கி வந்தார்.

பாமன்கடைப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒரு சிங்களவர், மாத்தயா என்று கூப்பிடுவோம், எங்களுடைய நிரந்தரமான வாடிக்கை. அவருடைய லொறிக்கும் கடைக்கும் எழுத்து வெட்டியது நாங்கள்தான். அவருடைய வீதிக்காரர்கள் வெசாக்குக்குத் தன்சல் போடுவார்கள். பந்தல் கட்டி, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பது. பரிமாறுகிறவர்களுக்கு வெள்ளை டீ-ஷேர்ட், முதுகில் சிங்களத்தில் தன்சலின் பெயரும் புத்தரைச் சரணடையும் சொற்களும். நான் எழுத்தை அமைத்து, மறந்துபோகக் கூடாதென்று அப்போதே புரட்டி வைத்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் கோல் வந்தது. அம்மா விழுந்துவிட்டார், பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. போட்டது போட்டபடி ஓடினேன்.

அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நான் நின்ற நாட்களில் மச்சாள் தனியாக முழு வேலையையும் முடித்தார். சட்டை எழுத்து என்றால் புரட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் புரட்டிவிட்டேன் என்பது தெரியாது. தமிழாக இருந்தால் பார்த்தவுடனே கண்டுபிடித்திருப்பார். ஜிலேபியையும் நத்தையையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருக்கு ஜிலேபியும் நத்தையும்தான். கவனமான பெண், அதனால் விதிப்படி இன்னொரு தரம் புரட்டினார். பிறகு ஒவ்வொரு புத்தர் சட்டைக்கும் ஒரு மாதா செபம் சொல்லி ஒட்டி, மடித்து, கட்டி வைத்தார். வெசாக்குக்கு முதல்நாள் மாத்தயா அவசரத்தில் வந்து, கட்டைப் பிரித்துப் பார்க்காமலே லொறியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் நான் கடைக்கு வந்தபோது, மிச்சமான ஒரு சட்டை மேசையில் கிடந்தது. வாசிக்கப் போனேன், வாசிக்க முடியவில்லை. ஒரு கணம் என் கண்ணில்தான் பிழையோ என்று நினைத்தேன்.

"மச்சாள், இது மறுபக்கமா விழுந்திருக்கு."

"எது?"

"எழுத்து. எல்லாச் சட்டையும் இப்படித்தானா?"

அவர் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அது தெரியாததுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. புத்தரின் சொல்லைத் தமிழ்ப் பெண்கள் வேண்டுமென்றே திருப்பி அடித்து, வெசாக்குக்குப் போடக் கொடுத்துவிட்டார்கள் என்று யாராவது ஒருவன் சொன்னால் போதும். அந்த நாட்களில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்கள் கூடியதைக் கேள்விப்பட்டிருந்தோம். மாத்தயாவுக்குப் போன் அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. நேரில் போய்ச் சொல்கிறேன் என்று எழும்பினேன். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதேங்கோ. அவையள் இஞ்ச வந்தா பொலிஸும் வரும். என்ர பேரை எழுதினா விசா அவ்வளவுதான். உங்கட அண்ணா எத்தினை வருசமாக் காத்திருக்கிறார்."

எனக்கும் பயம்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, இருட்டுவதற்கு முன் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வழியெல்லாம் வெசாக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கலாம் என்றுதான் நினைத்தோம். வெசாக் கழிந்த மறுநாள் விடியும் நேரம் எங்கள் ஒழுங்கையைப் பொலிஸும் ஆமியும் சுற்றிவளைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும், மச்சாளின் பதிவு வெள்ளவத்தையில். வெள்ளவத்தையில் பதிந்தவளுக்குக் கொட்டாஞ்சேனையில் என்ன வேலை என்று கேட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில், உதவிக்கு வந்தவர் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவன் மச்சாளைத் தனியாகக் கேட்டான். கோவிலில் நேர்த்தி இருக்கு, அதுக்கு வந்தனான் என்று அவர் சொல்லிவிட்டார். பயத்தில் ஆளுக்கொரு பொய்யைச் சொன்னோம். உண்மையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்றும் தெரியவில்லை. மச்சாளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனுக்கும் எங்கள் கோவில் பாதரின் வீட்டுக்குமாக அலைந்தேன். நடுவில் மச்சாளின் தூதரகக் கடிதத்தை எடுக்க வெள்ளவத்தைக் கடைக்குப் போனபோது, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஹாட்வெயார் மாத்தயா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய பார்சல். அவர் என்னைக் கண்டதும் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டையைப் போட்ட பிறகுதான் கவனித்தார்களாம். மாற்ற நேரமில்லை, அப்படியே போட்டுக்கொண்டு பரிமாறினார்களாம். யாரோ ஒருவர் பக்கத்துச் சலூனிலிருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து பந்தல் காலில் கட்ட, பரிமாறுகிறவர்கள் அதில் முதுகைக் காட்ட, பெயரை வாசிக்கச் சனம் வரிசையில் நின்றதாம். "நங்கி, எங்கள் தன்சலைப் போல் ஒன்று கொழும்பிலேயே இருக்கவில்லை" என்றார். பார்சலில் அவித்த மரவள்ளியும் கட்டைச்சம்பலும் இருந்தன. வெசாக் அன்றும் கொண்டுவந்தாராம், கடை பூட்டியிருந்ததாம். மற்ற நங்கி, மற்றத் தங்கச்சி, எங்கே என்று கேட்டார்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கதையைக் கேட்டபோது அவருடைய முகம் கறுத்துவிட்டது. "என்னைப் பார்த்து ஏன் பயந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்றே என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். பெரியவர்களோடு கதைத்தார், தனக்குத் தெரிந்த பெண், தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். பல நாள் இழுத்தடித்து மச்சாளை விட்டபோது, தூதரகத்தின் நாள் போயிருந்தது. ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தவர் பாதரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மாத்தயா வீதிக்கு அந்தப் பக்கம் லொறியில் இருந்தார், வந்து அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. மாத்தயாதான் பொறுப்பு நின்றார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "அந்தச் சட்டைக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ மச்சாள்" என்றார். தரைப்பாதை மூடியிருந்ததால், அடுத்த கிழமை திருகோணமலையிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்.

பிறகு சண்டை முடிந்து, பாதை திறந்து, மறுபடி விண்ணப்பித்து, அவர் அண்ணாவிடம் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது. பிள்ளை என்ற கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அண்ணா தொலைபேசியில் எல்லாம் சுகம் என்பார். மச்சாள் அங்கே ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். நான் கடையை விடவில்லை. கராஜிலிருந்து காலி வீதிக்கு வந்துவிட்டேன், புது மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். வருஷத்தில் ஒரு நாளாவது, அன்று பின்னேரம் அவருடைய கையை உதறிவிட்டுப் பாமன்கடைக்கு நடந்திருந்தால் என்று நினைக்காமல் போவதில்லை. பத்து நிமிஷ நடைதான். பந்தலில் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும்.

போன வருஷம் மச்சாள் தனியாக வந்தார். என் வீட்டில்தான் தங்கினார். ஊர்க் கதை, ஆட்களின் கதை எல்லாம் கதைத்தோம். போவதற்கு முதல்நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மச்சாள், அந்த ஹாட்வெயார் ஆள் பிறகு வந்தவரோ? சட்டைக்குச் சண்டை பிடிச்சவரோ?"

இத்தனை வருஷமாக அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. என்ன பதிலுக்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றுமே நடக்கவில்லை, சிரித்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார் என்று எப்படிச் சொல்வது? அந்த நேர்முகம், அந்த வருஷங்கள், பிறக்காமல் போன பிள்ளை எல்லாம் ஒன்றுமில்லாததற்குப் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

"வந்தவர்" என்றேன். "ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர். ஷட்டருக்கு அடிச்சு, தூசணத்தால ஏசி, பெரிய கரைச்சல். நல்ல காலம் நீங்க அங்க இல்ல."

மச்சாள் மூச்சை விட்டார். "நான் அப்பவே நினைச்சனான்" என்றார். "அண்டைக்கு அங்க நிண்டிருந்தா என்ன ஆகியிருப்பனோ." பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கும் நிம்மதிதான்.

இந்த வருஷம் வெசாக் சட்டைக்குச் சொல்ல மாத்தயா வந்தார். கண் மங்கிவிட்டது, மகன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். மற்ற நங்கியைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டார். போன வருஷம் வந்துவிட்டுப் போனார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே நங்கி" என்றார். "வந்து பார்த்திருப்பேன். நான் கோபப்படவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு என் வாயால் ஒரு தரம் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு என் முகம் தெரியாது என்பது ஒரு ஆறுதலாக இருந்தது. எத்தனை சட்டை வேண்டும் என்று அவருடைய மகனிடம் கேட்டேன்.