எங்கள் பையன் போகமாட்டேன் என்றான்

பெரிய கிளப் கூப்பிட்டும் அந்தப் பையன் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். லேப்டாப்பில் அதைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அவனுடைய பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

பையன் என்றால் நிஜப் பையன் இல்லை. கால்பந்து கிளப்பை நிர்வகிக்கிற வீடியோ கேம் ஒன்றில் வருகிற பையன். அந்த கேமில் நாம் பந்தை உதைக்க முடியாது. ஆள் எடுக்கலாம், விற்கலாம், யாரை எங்கே நிறுத்துவது, எப்படிப் பயிற்சி தருவது என்று முடிவுசெய்யலாம். மற்றதைக் கேமே நடத்தும். கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டிலில் உட்கார்ந்து நான் ஆடுவேன். அப்பா ரயில் யார்டில் தண்டவாளம் பராமரிக்கிற ட்ராக்மேன். பக்கத்தில் படுத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"பந்து எங்கடா? வெறும் பேரா வரிசையா இருக்குது. ஆபீஸ் வேலைய வூட்டுக்கும் எடுத்துக்கினு வந்துட்டியா?"

"இதுதாம்பா ஆட்டம்."

"நல்ல ஆட்டம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கேமில் எனக்கு வாய்த்தது கல்கத்தாவின் சின்ன கிளப் ஒன்று. அதன் ஜூனியர் அணியிலிருந்து வந்தவன்தான் அந்தப் பையன். பதினேழு வயது, நடுக்களத்தில் ஆடுகிறவன். ஒவ்வொரு ஆட்டக்காரனின் குணத்தையும் கேம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். இவனுக்கு 'லட்சியம் உள்ளவன்' என்ற அர்த்தத்தில் இருந்தது. அப்படிப்பட்ட பையன் சின்ன கிளப்புக்கு எப்போதாவதுதான் கிடைப்பான். அவனை நல்லபடியாக வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

வளர்ப்பதற்கு அதில் ஒரு வழி உண்டு. அனுபவப்பட்ட சீனியர்களையும் இளம் பையன்களையும் ஒரே குழுவில் சேர்த்துவிடலாம். மாதங்கள் போகப் போக, சீனியர்களின் குணம் பையன்களுக்கு ஒட்டிக்கொள்ளும். திறமை ஒட்டாது, குணம்தான். அணியில் யாருக்கு மரியாதை அதிகமோ அவருடையது சீக்கிரம் ஒட்டும். எனவே யாரைச் சேர்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நான் மூன்று பேரைச் சேர்த்தேன். மூவரும் பல வருடமாக அதே கிளப்பில் இருக்கிறவர்கள். வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தும் போகாதவர்கள். சண்டை சச்சரவு கிடையாது. ரசிகர்களுக்குச் செல்லம். அவர்களைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் என் ஆபீசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சை எழுதி, கார்டன் ரீச்சில் ஒரு அரசு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் அப்பாவுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று காத்திருக்கிற இடம். உள்ளே உட்காருகிறவன் எப்படி உட்கார வேண்டும் என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. அதை எனக்குக் காட்டியவர்கள் செக்‌ஷனில் இருந்த மூன்று பேர். மொத்த ஆபீசும் அவர்களைப் பொர்தா, மேஜ்தா, சோர்தா என்றுதான் கூப்பிடும். பெரியண்ணன், நடு அண்ணன், சின்ன அண்ணன். பொர்தா செக்‌ஷன் தலைமை. மேஜ்தா சாப்பாட்டுப் பிரியர், என்னையும் சேர்த்து நான்கு பேருக்கு லுச்சி என்கிற மைதா பூரி கொண்டுவருவார். சோர்தா ஒரு காலத்தில் கால்பந்து ஆடியே வேலைக்கு வந்தவர், இன்றும் காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு ஈரத் தலையோடு ஆபீசுக்கு வருவார். என்னைக் கேட்டு ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு, மூவரும் என்னைத் 'தம்பி' என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். யாருக்காவது பிரமோஷன் வந்தால் வாழ்த்துவதற்கு முன்னால் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். கல்கத்தா என்றால் சரி. இல்லையென்றால் பலரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வாங்கித் தருவார். பிரமோஷன் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவசரத்தில் டீ மட்டும் வாங்கித் தந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் மூன்று அண்ணன்களும் ஒருமுறைக்கு மேல் சந்தேஷ் வாங்கித் தந்தவர்கள். வந்த நாற்காலியிலேயே இருக்கிறவன்தான் நல்ல மனுஷன் என்பது எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்துபோயிற்று.

கேமில் சேர்த்த குழுவைப் பற்றி அவர்களிடம் சொன்னபோது மேஜ்தாவுக்குத் தாங்கவில்லை.

"அப்போ அந்த மூணு பேரும் நாங்கதான்னு சொல்லு. யார் யாரு?"

"கேப்டன் பொர்தா. டிஃபென்ஸில் இருக்கிறவர் சோர்தா."

"நான்?"

"கோல்கீப்பர்."

"அவனுக்கு முடி இருக்கா?"

"இல்லை."

"அவனை விற்றுவிடு" என்றார் மேஜ்தா. சோர்தா சிரித்ததில் டீ மேஜையில் சிந்தியது. அதிலிருந்து திங்கட்கிழமையானால் மூவரும் "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார்கள். அவன் கோல் அடித்திருந்தால் பொர்தா தன் பங்கு லுச்சியில் ஒன்றை என் தட்டில் போடுவார்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு பரீட்சை வந்தது. எங்களைப் போன்ற கிளார்க்குகள் எழுதி அதிகாரியாகிற பரீட்சை. தேறினால் வெளியூர்ப் போஸ்டிங் நிச்சயம். அது வர வேண்டும் என்று நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே காத்திருந்தேன், புத்தகம்கூட வாங்கி வைத்திருந்தேன். விண்ணப்பத்தை பொர்தா கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அந்த வாரத்தோடு கடைசி. நான் இன்னும் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"பரீட்சைக்கு எழுதிப் போட்டியாடா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"இங்கயே என்ன கொறச்சல்? எல்லாம் நல்லாத்தானே போவுது."

அம்மா ரசத்தை ஊற்றினாள். அப்பாதான் சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்திருந்தது. பெரிய கிளப் பையனைக் கேட்டிருந்தது. தொகையும் நல்ல தொகை. நானும் சம்மதம் சொல்லியிருந்தேன், அவன் வளரட்டும் என்று. பையன் மறுத்துவிட்டான். தான் இங்கேயே மகிழ்ச்சியாக இருப்பதாகவும், வேறெங்கும் போகும் எண்ணம் இல்லை என்றும் சொல்லியிருந்தான். நம்மை விட்டுப் போகவில்லையே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் பக்கத்தைத் திறந்தேன். குணம் என்ற இடத்தில் பழைய வார்த்தை இல்லை. 'லட்சியம் இல்லாதவன்' என்று மாறியிருந்தது.

வேறு யாரையோ திறந்துவிட்டேனோ என்று முகத்தைப் பார்த்தேன். அவன்தான். வயது ஏறியிருந்தது, அவ்வளவுதான். சரி, கேப்டனைப் பார்ப்போம் என்று திறந்தேன். அதே வார்த்தை. டிஃபென்ஸ்காரருக்கும் அதே. கோல்கீப்பருக்கும் அதே. மூன்று பேரின் பக்கத்திலும் முதல் நாளிலிருந்தே அது இருந்திருக்கிறது. சேர்க்கும்போது அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தேன்.

ஒரு கேம் இதைச் சொல்கிறதே என்பதைவிட, பையன் மறுத்துச் சொன்ன வார்த்தைகள்தான் என்னை அடித்தன. கொஞ்ச நேரம் முன்னால் அம்மாவிடம் நான் சொன்னதும் அதுவேதான். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. போன வருடம் மேஜ்தா பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சந்தேஷ் பெட்டியைத் திறந்தபோது வங்காளத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட அப்படித்தான். எப்போது எனக்குள் வந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்தப் பையனைக் கேட்டாலும் அவனுக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது கோபம் வந்துவிட்டது. அண்ணன்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தேன். டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் பொர்தா முன்னால் காகிதத்தை வைத்தேன். முதலில் பையன் கதையைச் சொன்னேன். போகமாட்டேன் என்றான் என்றதும் மேஜ்தா மேஜையைத் தட்டினார். அவன் குணம் மாறிய கதையையும், பிறகு என் கதையையும் சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார்.

பொர்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார்.

"இது போன வாரமே வந்திருக்கணும். உனக்கு எழுத இஷ்டமில்லைன்னு நெனச்சேன்."

"நீங்கல்லாம் எழுதாதேன்னு…"

"நான் சொன்னேனா?"

யோசித்தேன். சொல்லவில்லை.

"மேஜ்தா, நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

சோர்தாவும் தலையை ஆட்டினார். உண்மைதான். ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

"எங்க அம்மா பதினோரு வருஷம் படுக்கையில இருந்தாங்க, தெரியுமா?" என்றார் பொர்தா. "விட்டுட்டு எங்க போறது? மேஜ்தா பெண்டாட்டிக்கு இங்க ஸ்கூல் வேலை. சோர்தாவுக்கு மைதானம் இல்லைன்னா மூச்சு நின்னுடும். எங்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. உன் காரணம் என்ன?"

அப்பா அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கல்யாணம் இல்லை. மைதானம் பக்கம் நான் போனதே இல்லை. காரணம் ஒன்றுமே இல்லாமல் மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். பொர்தாவும் ஆடிப்போனார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் எப்போதும் கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் காகிதத்தில் கிறுக்கிப் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. போட்டு, பியூனைக் கூப்பிட்டு, இப்பவே மேல கொடு என்றார். காகிதம் கதவைத் தாண்டிப் போய்விட்டது. ஒருவராவது 'இரு தம்பி, யோசிச்சுக்கோ' என்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாற்காலியை இழுத்தேன். சோர்தா அதன் மேல் காலைத் தூக்கி வைத்தார்.

"இங்க இல்ல."

"என்ன சோர்தா?"

"பரீட்சை முடியற வரைக்கும் மதியம் எங்களோட உட்காராதே. ஒட்டினது போதும். புத்தகத்தை எடுத்துக்கிட்டு அந்த மூலை மேஜைக்குப் போ."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மேஜ்தா என் முகத்தைப் பார்க்காமல் தட்டில் லுச்சியும் ஆலுர் தம் உருளைக்கிழங்குக் கறியும் வைத்து நீட்டினார்.

"சாப்பாடு அங்கேயே வரும். போ."

தட்டை வாங்கிக்கொண்டு மூலை மேஜையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்காது. போகாமல் இருப்பதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு, அது அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறது என்று முதன்முறையாக அப்போதுதான் தெரிந்தது. மூவரும் எனக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.