கதவு நிலையில் ஒட்டிய பொட்டுகள்

ராஜபாளையத்தில் தோல் வியாதிக்குப் பார்க்கும் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில், அவர் அறைக்குப் போகும் கதவின் நிலை முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்பு, மெரூன், கறுப்பு. முறை வந்ததும் பெண்கள் நெற்றிப் பொட்டைப் பிய்த்து அங்கே ஒட்டிவிட்டு உள்ளே போவார்கள். டாக்டர் நெற்றியைப் பார்க்க வேண்டுமே, அதற்காக. திரும்பி வரும்போது எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். மறந்து போனவர்களின் பொட்டுகள் அங்கேயே தங்கிவிட்டன. டாக்டர் அந்த நிலையைத் தாண்டித்தான் பல வருஷங்களாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் அது ஒரு நாளும் படவில்லை.

அதைப் பார்த்தவர் ஹபீபுன்னிசா. ராஜபாளையம் கடைத்தெருவில் வளையலும் ரிப்பனும் பொட்டும் விற்கிற நைனா முகமதுவின் மனைவி.

பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். எட்டாவது வரை படித்தவர். எண்பத்திரண்டில் தொழுநோய்க் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராக ஒரு குழு போனது. ஆண் ஊழியர்கள் முன்னால் முதுகையும் தொடையையும் காட்டப் பெண்கள் மறுத்ததால் துணைக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். தினக்கூலிக்குப் போனார் ஹபீபுன்னிசா. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருஷம் தேவதானம், சேத்தூர் பக்கமெல்லாம் அலைந்தார். கோழிக் கூடு மறைவிலும் மாட்டுக் கொட்டகையிலும் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டி, பெண்களின் தோலைப் பார்த்தார். கையில் ஒரு பஞ்சுத் திரி. "கண்ணை மூடு. எங்க தொடுதேனோ அங்க விரல வையி." விரல் சரியான இடத்துக்குப் போனால் உணர்ச்சி இருக்கிறது. போகவில்லையென்றால் சந்தேகம், டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியவர்களில் தப்பாகப் போனது இரண்டே பேர்தான் என்று அவரே சொன்னார். அந்த இரண்டு பேரின் பெயரும் ஊரும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை வேண்டாமென்றார்கள். மத்தியானம் நைனா முகமது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்டார். வேலை போனது, கண் போகவில்லை. வளையல் போட நீட்டுகிற கைகளில் சோப்புப் புண்ணைப் பார்த்தார். கிளிப் வாங்குபவர்களின் தலையில் படையைப் பார்த்தார். பொட்டு வாங்க வருகிறவர்கள் கைக்கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கும்போது இன்னொன்றையும் பார்த்தார்.

என் அக்கா மாடத்திக்கு எண்பத்தாறில் சேத்தூரில் கல்யாணமானது. மறு வருஷம் நான் ஊரை விட்டுப் போனேன். ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையாக ஒரிசாவும் பீகாரும் சுற்றி, தொண்ணூற்று மூன்றில் திரும்பி வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது மாடத்தி. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். அவள் முகத்துக்கு அது பெரியது. ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு அவள் பொட்டைப் பிய்த்துக் காட்டினாள். அடியில் பால் போல ஒரு வெள்ளை வட்டம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் கடிதம்கூடப் போடவில்லை. சின்னவளுக்கும் தெரிந்தால் அவளும் அழுவாள் என்று அம்மா விட்டுவிட்டாளாம்.

நடந்தது இதுதான். வெள்ளை தெரிந்ததும் மாமியார் பெத்தம்மாள் அவளை அந்த ராஜபாளையம் டாக்டரிடம் கூட்டிப்போனார். மூன்று நிமிஷம். இது வெள்ளைத் தோல் வியாதி, பரம்பரையாக வருவது, முகமெல்லாம் பரவும், ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி டாக்டர் ஒரு ஊசியும் போட்டார். நெற்றியில் என்ன வைக்கிறாய் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது என்று பெத்தம்மாள்தான் கேட்டார். யாருக்கும் இல்லையென்றால் டாக்டர் ஏன் சொல்கிறார், மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள் என்று தெருவில் நின்று பேசினார். பரம்பரை என்பது ஒரு மாதத்தில் ஊர் வாயில் பெருவியாதி, அதாவது தொழுநோய், ஆகிவிட்டது. மூன்று வயசுப் பிள்ளை கோமதிக்குத் தொற்றிக்கொள்ளும் என்று அவளை அங்கேயே வைத்துக்கொண்டு இவளை மட்டும் பஸ் ஏற்றினார்கள். மாப்பிள்ளை வைகுண்டராஜ் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றரை வருஷமாகத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடத்தி எப்போதும் வைக்கும் ஸ்டிக்கரையே வெள்ளையை மறைக்கவும் ஒட்டினாள். வெள்ளை வளர்ந்தது. பெரிய பொட்டு ஒட்டினாள். அதுவும் வளர்ந்தது. குளிக்கும்போதுகூட எடுக்கவில்லை, தூங்கும்போதும் எடுக்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதே.

நான் வந்த மறுவாரம் அவளோடு ராஜபாளையம் போனேன். இன்னும் பெரிய பொட்டு வேண்டும் என்றாள். கடையில் ஹபீபுன்னிசா இருந்தார். அட்டையை எடுக்கவில்லை. மாடத்தியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு மேல சைஸ் கம்பெனியில அடிக்கல, தங்கச்சி. என்கிட்டத்தான வாங்குன, மூணாம் நம்பர்ல ஆரம்பிச்ச. பொறவு அஞ்சு. பொறவு ஏழு. உள்ள வா."

திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். பஞ்சைக் கிள்ளித் திரித்தார். கண்ணை மூடச் சொன்னார். மாடத்தியின் விரல் ஒவ்வொரு முறையும் சரியாக அந்த இடத்துக்கே போனது. பெருவியாதித் தேமல் மரத்துப் போகும், இப்படிச் சோறாக வெளுக்காது என்றார் ஹபீபுன்னிசா. மாடத்தியின் முழங்கை, உதடு, விரல் நுனி, கண்ணோரம் எல்லாம் பார்த்தார். எங்கும் வெள்ளை இல்லை. பிறகு அவள் கையிலிருந்த பொட்டை எடுத்து வெள்ளையின் மேல் வைத்துக் காட்டினார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

"பரம்பரை வியாதி அளவெடுத்தா வரும்?" என்றார். "இந்தப் பசைதான். என் கண்ணுல பட்டது நீ அஞ்சாவது ஆளு. எங்க பொம்பளைகள்ல ஒருத்திக்கு நெத்தியில இது வந்து நான் பாத்ததில்ல. நாங்க பொட்டு வைக்கிறதில்லயே."

வெளியே நைனா முகமது வந்துவிட்டிருந்தார். "நீ வைத்தியம் பாரு, நான் கடையச் சாத்துதேன்" என்றார். பாதி வேடிக்கை, பாதி வேடிக்கை இல்லை. அவர் கடையில் அதிகம் போகும் சரக்கே பொட்டு அட்டைதான். பொட்டுப் பாக்கெட்டில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு ஹபீபுன்னிசா ஏற்கெனவே இரண்டு கார்டு எழுதிப் போட்டிருந்தார், பதில் வரவில்லை. பாக்கெட்டின் மேல் லட்சுமி படம் இருந்தது. பசையில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

நான் கோபத்தில் ஹபீபுன்னிசாவையும் இழுத்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். காத்திருந்தபோதுதான் அவர் கதவு நிலையைக் காட்டினார். நாற்பது பொட்டுக்கு மேல் இருக்கும். உள்ளே போனதும் டாக்டரிடம் மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பொட்டுகளை ஒரு தடவை பாருங்கள், எந்தப் பொட்டு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், போதும் என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, இவர் யார் என்று கேட்டார். கணக்கெடுப்பில் உதவிக்கு இருந்தவர், இப்போது வளையல் கடை என்றேன்.

"அப்ப வளையல் வாங்கணும்னா இவங்ககிட்ட வாரேன்" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் சிரித்தார். ஹபீபுன்னிசா எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது கதவு நிலையைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே ஒரு அட்டை: 'இங்கே பொட்டு ஒட்டாதீர்கள்.' டாக்டர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் துடைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னை இதைவிட எரிச்சல்படுத்தியது வேறெதுவும் இல்லை.

ஹபீபுன்னிசா மருந்து எதுவும் தரவில்லை. நான் வைத்தியச்சி இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, தான் பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எந்த வருஷம் எந்த நம்பர் பொட்டு என்பது உட்பட. அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் தாளைப் படித்துவிட்டு, இதை எழுதியவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். ஒரு களிம்பு கொடுத்தார். காலை வெயில் கொஞ்ச நேரம் படட்டும் என்றார். குறைந்தது ஆறு மாதம் நெற்றியில் ஸ்டிக்கர், சாந்து, குங்குமம் எதுவும் கூடாது.

அங்கேதான் எல்லாம் நின்றது. புருஷன் இருக்கும்போது வெறும் நெற்றியா? எங்கள் அப்பா இறந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. அம்மா சுடலையம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு ஒரு பாழ் நெத்தி போதாதா, உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன கேடு வருமோ, வெள்ளை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாடத்தியும் மறுபடி அட்டையை எடுத்துவிட்டாள். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் உலுக்க வேண்டும்போல இருந்தது. ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ சுகாதாரம் சொன்ன எனக்கு, சொந்த வீட்டில் ஒரு பொட்டைப் பிய்க்க முடியவில்லை.

ஹபீபுன்னிசாதான் பஸ் ஏறி வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள், குடித்தார். அம்மா தன் நியாயத்தையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"என் நெத்தியப் பாருங்கம்மா. பாழா இருக்கா? எங்க வீட்டு ஆளு கல்லு மாதிரிதான் இருக்காரு. மூணு வேளையும் சாப்பிட்டுட்டு என்னையத்தான் வைதுக்கிட்டு இருக்காரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அழுதாள். ஹபீபுன்னிசா மாடத்தியிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "உனக்கு இந்தப் பொட்டு வேணுமா, பிள்ளை வேணுமா?"

மாடத்தி பொட்டைப் பிய்த்தாள். பழைய பழக்கத்தில் கண்ணாடியில் ஒட்டப் போனவள் கையை நிறுத்தி, கசக்கி எறிந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தத் தெரு மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறது, நான் மறக்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டு அவளை மட்டும் தாண்டிப் போனது. புருஷனைத் தலை முழுகிவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். முன்பு வெள்ளை என்று ஒதுக்கியவர்கள் இப்போது வெறும் நெற்றி என்று ஒதுக்கினார்கள். மாடத்தி விடியற்காலையில் மொட்டை மாடியில் முகத்தை வெயிலுக்குக் காட்டி நின்றாள். மாதம் ஒரு தடவை ராஜபாளையம் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹபீபுன்னிசா நூலால் வெள்ளையை அளந்து, நூலை ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். நான்காம் மாதம் நூல் குறைந்தது. ஓரத்திலிருந்து தோல் நிறம் உள்ளே நகர்ந்து வந்தது. நடுவில் மிளகுப் பொடி தூவினாற்போலப் புள்ளிகள். பதினோராம் மாதம், உற்றுப் பார்த்தாலொழியத் தெரியவில்லை.

செய்தி சேத்தூருக்குப் போனது. பெத்தம்மாள் தட்டோடு வந்தார். பூ, பழம், சேலை. ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டேன், வீண் போகவில்லை என்றார். டாக்டர் அன்று போட்ட ஊசி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று அந்த டாக்டரே சொன்னாராம். ஹபீபுன்னிசா பெயர் அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை. தப்பு நடந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். மாடத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வாரேன், அத்தை. ஆனா ஹபீபு அக்காவும் கூட வருவாவ" என்றாள்.

பெத்தம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சேத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். வாசலில் கோமதி நின்றிருந்தாள். ஆறு வயது. பட்டுப் பாவாடை, இரட்டைச் சடை. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. தூண் பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மாவைத் தொடக் கூடாது என்று கிட்டத்தட்ட மூன்று வருஷமாகச் சொல்லி வளர்த்திருந்தார்கள். மாடத்தி வாசற்படி ஏறாமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிள்ளையையே பார்த்தாள்.

பிள்ளையின் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. நல்ல நாள் என்று ஆச்சி பெத்தம்மாள் அன்றைக்கு மட்டும் வைத்துவிட்டதல்ல. தினமும் வைப்பதுதான்.

மாடத்தி எழுந்து போய் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பொட்டைப் பிய்த்தாள். ஹபீபுன்னிசா பைக்குள் கைவிட்டுப் பஞ்சை எடுத்தார். "கண்ண மூடு கண்ணு. எங்க தொடுதேன்?" கோமதி தயங்கி, பிறகு விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். சரியான இடம். ஹபீபுன்னிசா அவளை வெயிலுக்குத் திருப்பினார். நெற்றி நடுவில் தோல் கொஞ்சம் சிவந்து, அதற்குள் கடுகளவு வெளுப்பு.

"நல்ல நாளும் அதுவுமா பிள்ளை நெத்திய..." என்று ஆரம்பித்த பெத்தம்மாளும் குனிந்து பார்த்தார்.

"இப்பத்தான் ஆரம்பம். போயிரும்" என்றார் ஹபீபுன்னிசா.

மாடத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆரத்தித் தட்டு உள்ளே தயாராக இருந்தது. அவள் திரும்பி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். மதுரைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று போகிற போக்கில் என்னைக் கேட்டாள். கோமதி முதலில் உடம்பை விறைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வைகுண்டராஜ். கையில் கோமதியின் சின்னச் செருப்பு. மூன்று வருஷத்தில் அந்த மனிதர் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.