உதவியாளன் என்ன ஆனான்

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். பாதி நாள் கடிதங்களுக்கு, மீதி இலக்கியத்துக்கு. மத்தியானத்தில் சரக்கறைக்காரரிடம் சாவி வாங்கி, உள்ளே போய், ஜன்னலைத் திறந்து அந்த வெளிச்சத்தில் நாவல் படிப்பேன். சாயமேற்றிய பட்டுநூல் இருக்கும் அறை. சாவியைப் பிறர் கையில் தரக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. மீறினோம்.

அப்போது படித்தது ஒரு பழைய அயல்நாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. மருந்துக்கடைக்காரன் ஒருவன் மருந்தை மாற்றிக் கொடுக்க, குழந்தை இறந்துவிடுகிறது. பழி கடை உதவியாளன் மேல் விழுகிறது. கடைக்காரன் வாய் திறக்காமல் அறுநூறு பக்கம் வேதனைப்படுகிறான். அவன் முதல் பொய்யைச் சொன்ன இடத்தில் மெய்மறந்து எழுந்து போனேன். ஜன்னலைச் சாத்தவில்லை. சாயங்காலம் மழை. காலையில் பார்த்தால் சிவப்புச் சாயம் ஒழுகி வெள்ளைப் பட்டில் இறங்கியிருந்தது.

"சாவிய யாருக்குன்னா குட்த்தியா?" என்று முதலாளி கேட்டார்.

சரக்கறைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லீங்க மொதலாளி."

"அப்போ மழையே வந்து தாப்பாள தொறந்துச்சா?"

நான் மடித்த கடிதத்தையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷ வேலை அவருக்கு அன்றோடு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வாசகர் வட்டத்தில் அதே நாவலைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அதை முடித்தவன் நான் ஒருவன்தான். முதலாளி சிறப்பு விருந்தினர். நோட்டீஸ் பார்த்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் சரக்கறைக்காரர்.

ஒரு மணி நேரம் பேசினேன். கடைக்காரன் கெட்டவன் அல்ல, நல்லவன் என்ற பெயரை இழக்கப் பயந்தவன் என்றேன். அவன் யோசிக்கும்போது வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடுவதைக் காட்டினேன்; நிறுத்தினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்றேன். இந்தப் பாத்திரத்தை இவ்வளவு உள்ளிருந்து புரிந்துகொண்டவர் இல்லை என்றார் தலைவர். நான் மறுக்கவில்லை.

சரக்கறைக்காரர் எழுந்தார். "சார், அந்த ஒதவியாளு இன்னா ஆனான்?"

"அவன் ரெண்டாவது அத்தியாயத்துலயே ஊரை விட்டுப் போயிடறான்."

"அவன் வூட்டப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"இது கடைக்காரனோட மனசைப் பத்தின நாவல். ஆசிரியர் வேணும்னே விட்டிருக்கார். அது ஒரு உத்தி."

"அவனுக்கும் மனசு இருக்கும் இல்ல சார்? போற எடத்துல எல்லாம் பழைய வேல ஏன் போச்சுன்னு கேப்பாங்களே. இன்னா சொல்லிகினு இருந்தான்?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், அவர் கதைய கேளுய்யா. உன் கதைய சொல்லாத!" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

படியிறங்கும்போது முதலாளி என் தோளைத் தொட்டார். "உன் பேச்சு மனச இன்னாவோ பண்ணிடுச்சிபா. அந்தாள திரும்ப கூப்டுக்கலாமா? நீ ஒரு வார்த்த சொல்லு."

அவர் வந்தால் என்றாவது ஒருநாள் வாய் திறப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"வேணாங்க மொதலாளி," என்றேன். "நம்பிக்கை போனா போனதுதான்."

ஐம்பது வயதில் அவர் கண்ணமங்கலம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். வேலூர் பஸ் அந்த ஆலையை ஒட்டித்தான் நிற்கும், இடதுபுறம். அடுத்த பத்து வருஷமும் நான் வலதுபுறமே உட்கார்ந்து போனேன்.