ஜாகுவார் சிங்கராயர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப் டீக்கடையில் இரண்டாவது பிரசங்கம் தொடங்கும். அதைச் செய்பவர் சிங்கராயர். விஷயம், கார். "அறுபது மைலுக்குக் கீழ ஓடுனா அது காரு இல்லவே, கட்டிலு" என்பார். ஜாகுவாரை வளைவில் எப்படி ஒடிக்க வேண்டும், எந்த கியரில் அது உறுமும் என்று அவர் கையை வீசிச் சொல்லச் சொல்ல, டாக்சி ஓட்டும் பூலோகம்கூட டீயை ஆறவிட்டுக் கேட்பான்.

அவர் தினமும் ஓட்டியது ஒரு பேக்கரியின் ரொட்டி வண்டி. அதில் ரிவர்ஸ் செத்துப் பல வருஷம் ஆகிறது. பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தால்தான் பிடிக்கும். சயானில் நிற்க வேண்டுமென்றால் தாராவியிலேயே மிதிக்கத் தொடங்குவார். ஒரு கடையைத் தாண்டிவிட்டால் பேட்டையையே சுற்றிக்கொண்டு வருவார். இந்த விவரமெல்லாம் பிரசங்கத்தில் வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து வாக்கில் செம்பூர் சேட்டு ஒருவர் நிஜமாகவே ஜாகுவார் வாங்கினார். டிரைவர் தேவை. தங்குவதற்கு கராஜுக்கு மேல் ஓர் அறை, அறைக்குள்ளேயே குழாய். குழாய் என்றதும் சிங்கராயரின் மனைவி இருதயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயடியில் சண்டை போட்டே தொண்டை கட்டிப்போனவள் அவள். "இந்த ரூமக் கோட்ட விட்டியன்னா நான் ஊருக்கு ரயிலேறிருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

சேட்டு பின் சீட்டில் உட்கார, சோதனை ஓட்டம் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் தொட்டதுமே சிங்கராயருக்கு அறுபது மைல் மறந்து போயிற்று. ஒரு கீறல் விழுந்தாலும் குழாய் போய்விடும். கார் ஊர்ந்தது. சைக்கிள்காரன் மணியடித்து முந்திப் போனான். தெருக்கோடியில் எருமை தெரிந்ததுமே பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். திரும்பும்போது பங்களா கேட்டைத் தாண்டிவிட்டார். இந்த வண்டியில் ரிவர்ஸ் உண்டு என்பது கைக்குத் தோன்றவேயில்லை. ஸ்டேஷன், மார்க்கெட், கோயில் தெரு என்று செம்பூரையே ஒரு சுற்றுச் சுற்றினார். வேலை போச்சு என்று சட்டை நனைந்துவிட்டது.

சேட்டோ பூரித்துப் போயிருந்தார். மார்க்கெட்டில் வியாபாரிகள் எழுந்து கும்பிட்டார்களாம். பேச்சுவார்த்தையற்ற பங்காளி பால்கனியிலிருந்து வயிறெரியப் பார்த்தானாம். சிங்கராயருக்கு முன்னால் சோதனைக்கு வந்த டிரைவர் பறந்த பறப்பில் உள்ளே இருப்பது யாரென்றே ஊருக்குத் தெரியவில்லை. "வாஹ்! ரோஜ் ஐசா ஹீ சலானா" என்று சிங்கராயரின் தோளில் தட்டினார். தினமும் இப்படியே ஓட்ட வேண்டும், அதுதான் வேலை.

அறை கிடைத்தது. ஒரு ஞாயிறு சேட்டுக்கு லேபர் கேம்ப்புக்கும் தரிசனம் தர ஆசை வந்தது. டீக்கடை வாசலில் மொத்தக் கூட்டமும் நின்றது. கார் ஊர்ந்து வர, எல்லோரும் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு மிதி! பறக்கத நாங்க பாக்கணும்" என்று பூலோகம் கெஞ்சினான்.

சிங்கராயருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கால் துடித்தது. கூடவே, காலையில் குழாயைத் திறந்துவிட்டு இருதயமேரி பாடிய பாட்டும் காதில் விழுந்தது. காலை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஓடுத வண்டிய எவனும் ஓட்டுவாம்டே. பறக்க வேண்டியத அடக்கி ஊர வைக்கணும்லா, அதுக்குத்தான் தெறம வேணும்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. மேற்கொண்டு சந்தேகங்கள் கேட்டபடி மாட்டுங்கா மார்க்கெட் வரை காரோடு கூடவே நடந்தது. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.