லாரி மறித்த பயிற்சியாளர்

தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பில் மாநிலம் முதலீடு செய்கிறது என்று சொல்லிக்கொண்டு, புக்கிட் பெலண்டோக்கில் எங்கள் தோட்ட மண்டபத்துக்கு ஒருவர் வந்தார். எண்ணெய் தரும் செம்பனை மரங்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோனை ஓட்டக் கற்றுத்தரும் இலவச வகுப்பு. ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. பாடம் நடத்தும்போதுகூடக் கார்ச் சாவியைக் கையிலேயே வைத்திருப்பார். ஓடுவதற்குத் தயாராக நிற்கிற மனிதர் என்று எனக்குப் பட்டது.

என் மகள் பெட்ரோல் நிலைய வேலையை விட்டுவிட்டு அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதனால் யாரும் கேட்காமலேயே துப்பறியும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வகுப்பு முடியும் நேரத்தில் அவர் காருக்குப் பின்னால், நான் செம்பனைக் குலை ஏற்றி ஓட்டும் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் வெளியே வந்தார்.

“அண்ணே, லாரிய கொஞ்சம் எடுங்க.”

“மொதல்ல சர்ட்டிபிகேட் வரட்டும் சார்.”

“என்னாண்ணே, என் மேல சந்தேகமா?”

“போன தடவ வந்தவங்க ஆளுக்கொரு தொப்பிய குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் ஆளே காணோம். இதான் லா அந்தத் தொப்பி” என்று என் தலையைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்தார். “பாஸ், என் கார மறிச்சு லாரி நிக்குது. மீட்டிங்குக்கு வர முடியாது” என்றார். பிறகு உள்ளே போய், பிள்ளைகளுக்குப் பிடிபடாத பாடத்தை இருட்டும்வரை மறுபடி நடத்தினார்.

மகள் இப்போது கோலா கிளாவாங் பக்கம் டிரோன் ஓட்டுகிறாள். சம்பளம் என்னுடையதைவிட அதிகம். அன்று அவரை நான் மடக்கினேனா, மீட்டிங்குக்குப் போகாமலிருக்க என் லாரியைச் சாக்காக்கி என்னை அவர் மடக்கினாரா? தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து பார்க்கிறேன். சந்தேகம் தீரவில்லை.