அரசரின் காலை இறக்கி வைத்தவர்

என் அக்கா புருஷன் கேய்தியோவுக்கு அரண்மனை உத்தியோகம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். விருந்துக் கூடத்தில் அரசர் கின்விர் உட்கார்ந்ததும் அவருடைய பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுந்து போகும்வரை கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அரிக்கிற இடத்தில் சொறிந்துவிட வேண்டும். சாப்பாடு அரசர் தட்டிலிருந்தே. "ராசா எச்சிலத் தின்னே ஒன் வீட்டுக்காரருக்குத் தொப்பை போட்டுருச்சு" என்று அக்காவைச் சீண்டுவேன். அதே கூடத்தில் தேன்மது ஊற்றுகிறவள் நான்.

அந்த வேலைக்கு ஒரு மதிப்பும் உண்டு. பாதம் மடியில் இருக்கும்வரை அத்தான் யார்மேல் கை வைத்து அபயம் என்கிறாரோ, அவரை யாரும் தீண்டக் கூடாது. அரசரே காலை இழுத்துக்கொண்டால் மானம் போய்விடும்; பாணர்கள் ஊர் ஊராகப் பாடிக் கிழித்துவிடுவார்கள். அதுவரை அத்தான் காப்பாற்றியதெல்லாம் ஆட்டுத் திருடர்களையும் குடித்துவிட்டு உளறியவர்களையும்தான்.

அந்த வருஷம் ஈஸ்டர் பகல் விருந்துக்கு அரசரின் அக்கா மகன் இதேல் வந்தான். இவன்தான் ஆள லாயக்கு என்று ஊரில் பேச்சு கிளம்பி, அது அரசர் காதுக்கும் போயிருந்த சமயம். மாமன் அழைத்தாரே என்று நம்பி, வாளை வாசலில் வைத்துவிட்டு வந்தவன், கறி பரிமாறும்போது கதவை அடைத்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய், ஓடிவந்து அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என்னைக் கைவிட்டுராதீங்க."

அத்தான் யோசிக்கவே இல்லை. அவன் தலையில் கை வைத்து, "இவருக்கு நான் அபயம்" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

அரசர் சிரித்தார். "சரிப்பா, கேய்தியோ சொன்னா சொன்னதுதான். மருமகனுக்குக் குதிரையக் கொண்டாரச் சொல்லுங்க. அதுவரைக்கும் சாப்பிடட்டும்."

ஆற்றுக்கு அக்கரையில் மடாலயம். அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்தான். இதேல் ஓட்ஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தான்.

"கேய்தியோ, குதிகால் எரியுது. தடவ அந்தக் கொழுப்புச் சட்டிய எடுத்துட்டு வா" என்றார் அரசர், எப்போதும் சொல்வதுபோல.

எத்தனை வருஷப் பழக்கம்! பாழாய்ப்போன பழக்கம். தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல அத்தான் அந்தப் பாதங்களை மெத்தையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். சட்டியோடு திரும்பியபோது இதேல் வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தான், மென்ற ரொட்டி வாயிலேயே இருந்தது.

"நான் காலை எடுக்கலையே, நீதான எறக்கி வச்ச?" என்றார் அரசர். பாணர்கள் வாயே திறக்கவில்லை.

மறுநாளே அத்தான் வேலையை விட்டுவிட்டுப் பன்றி மேய்க்கப் போனார். "ராசா சொன்னா யாருதான் எந்திரிக்க மாட்டாங்க?" என்று அக்கா தேற்றிப் பார்த்தாள்.

"நான் எந்திரிக்கக் கூடாதுடி. என் வேலையே அது ஒண்ணுதான்."

சில வருஷம் கழித்து, யாரோ ஒரு துறவி எங்கள் பகுதி அரசர்களை வரிசையாக நிறுத்தித் திட்டி எழுதியது கோயில் கோயிலாக வந்தது. பாதிரியார் படித்து எங்கள் பேச்சில் சொன்னார். கின்விர் சொந்த மருமகனைக் கொன்ற பாவி, நரகம் அவனுக்காக வாய் திறந்து காத்திருக்கிறது என்று இருந்தது. ஊருக்கே உள்ளூரச் சந்தோஷம். அத்தான் மட்டும் கூட்டம் கலையும்வரை நின்றார்.

"சாமி, இதுல என் பேரு வரலையே?"

"கால் பிடிக்கிறவன் பேரையெல்லாம் யாருப்பா எழுதுவாங்க?"

நாலு வார்த்தை திட்டு வாங்கியிருந்தால் மனுஷனுக்குப் பாரம் குறைந்திருக்கும். அந்தத் துறவிமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பிறகு மஞ்சள் கொள்ளைநோய் வந்தது. அரசர் படுத்தார். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், தண்ணீர் கொடுக்க நான்தான் மிச்சம். அத்தானைக் கூட்டிவரச் சொன்னார். "போகாதீங்க, கெடந்து சாகட்டும்" என்று அக்கா கத்தியும் அத்தான் வந்தார்.

"கேய்தியோ, கால் ஒன் மடியில இருந்தா எவனும் தீண்டக் கூடாதுல்ல?"

"ஆமா ராசா."

"அவங்க வந்துட்டாங்கப்பா. கதவுகிட்ட நிக்கிறாங்க."

கதவருகே யாரும் இல்லை. அத்தான் உட்கார்ந்து, வீங்கிப்போன அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அரசர், "தண்ணி… கேய்தியோ, தண்ணி கொண்டா" என்றார்.

அத்தான் அசையவில்லை.

"நீ குடும்மா," என்றார் என்னிடம். "நான் ஒரு தடவ எந்திரிச்சது போதும்."

உயிர் போய், உடம்பு குளிர்ந்து, தூக்க ஆள் வரும்வரை அவர் அந்தக் கால்களை இறக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்திருக்க வேண்டியதை இந்தப் படுபாவிக்குச் செய்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.